புதுமைப்பித்தனை எந்த வயசுல படிச்சீங்க?

கல்லூரி நாட்களில் 'காஞ்சனை' படித்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைக்கப் பயந்தவர்கள் நம்மில் நிறைய பேர். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து 'செல்லம்மாள்' படித்துப் பாருங்கள். நோயாளி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கணவர் தூங்கவிட மாட்டார். கதை மாறலை, நாமதான் மாறிட்டோம்.

சொ.விருத்தாசலம் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். தாசில்தார் அப்பா ஓய்வுபெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. இந்துக் கல்லூரியில் 1931-ல் பி.ஏ. முடித்தார். அப்பா எதிர்பார்த்தது சர்க்கார் உத்தியோகம். மகனோ சென்னைக்குப் போய் 'மணிக்கொடி', 'தினமணி' என்று பேனாவை நம்பிப் பிழைத்தார். மனைவி கமலாவை ஊரில் விட்டுவிட்டுத் தனியே தவித்த காலம் கொஞ்சமல்ல. 'ராஜமுக்தி' சினிமா வேலைக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42.

அவருடைய 'துன்பக்கேணி', பிழைப்புக்காக இலங்கைத் தேயிலைத் தோட்டம் போகும் நெல்லைச் சீமைப் பெண் மருதியின் கதை. இருபது வயதில் எனக்கு அது எங்கேயோ கடல் தாண்டி நடந்த சோகம். எங்க மணிமுத்தாறு அணைக்கு மேலேயே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் இருக்கு. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் 2024-ல் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தபோது, அதை மறுபடி எடுத்தேன். இந்த முறை மருதி எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் மூட்டையோடு நின்றாள்.

இப்போ எனக்கு அவரைவிட வயசு அதிகம். ஆனாலும் அவர்தான் பெரியவர்.