செவிகொடுத்த பேராசான்: உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ்

உடற்பிணிக்கு மருந்து கண்டோரின் வரலாற்றை நாம் ஓரளவு அறிவோம். உள்ளத்து நோய்க்கு மருந்து தேடியோரின் வரலாறு நம்மிடையே அத்துணை பரவவில்லை. கி.பி. 934-இல் மறைந்த பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் இணைத்து ஆராய்ந்தார். இடைக்கால இஸ்லாமிய உலகின் மருத்துவமனைகள் பலவற்றில் மனநோயுற்றோரைப் பேணத் தனிப் பகுதிகள் இருந்தன. இவை நாம் நினைந்து பெருமிதம் கொள்ளத்தக்க செய்திகள். அந்நெடும் பணியை இருபதாம் நூற்றாண்டில் வேறொரு நாட்டில், வேறொரு சமயச் சூழலில், புதியதொரு வழியில் முன்னெடுத்தவர் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ். கல்வியியல் பயிலும் மாணவர்கள் இவர் பெயரைத் தேர்வுக்குரிய கோட்பாடொன்றின் பெயராக அறிவர். அக்கோட்பாட்டுக்குப் பின்னே, பிறர் துன்பத்தைக் கேட்கக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது. சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் என்னும் மூன்று துறைகளிலும் அவ்வாழ்வு சென்ற தடத்தை இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் கல்வியும்

1902 ஜனவரி 8-ஆம் நாள், சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் ரோஜர்ஸ் பிறந்தார். மக்கள் அறுவருள் அவர் நான்காமவர். தந்தை பொறியாளர், தாய் ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். மது, நடனம், சீட்டாட்டம், நாடகம் ஆகியன விலக்கப்பட்டு, உழைப்பே பெரிதெனப் போற்றப்பட்ட கிறித்தவக் குடும்பம் அது. ரோஜர்ஸ் பன்னிரண்டு வயதை எய்தியபோது குடும்பம் பண்ணையொன்றிற்குக் குடிபெயர்ந்தது. தோழர் குறைந்த அத்தனிமையில், இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்து அவற்றின் வாழ்வை உற்று நோக்கினார். வேளாண் அறிவியல் நூல்களைத் தேடிப் படித்தார். ஒரு தீவனம் நல்லதா என்றறிய, அதை உண்ட கால்நடைகளை உண்ணாத கால்நடைகளோடு ஒப்பிட வேண்டும் என்னும் சோதனை முறையை அந்நூல்கள் அவருக்குக் கற்பித்தன. பின்னாளில் உளச்சிகிச்சையை அளந்து பார்க்க அவர் துணிந்ததற்கான வித்து இப்பண்ணையில் ஊன்றப்பட்டது எனலாம்.

1919-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயிலச் சேர்ந்தார். பின்னர்ச் சமயப் பணியில் நாட்டம் கொண்டு வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார். 1922-இல் உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டின் பொருட்டுச் சீனத் தலைநகர் பீக்கிங் சென்று, ஆறு திங்களுக்கு மேல் கீழை நாடுகளில் பயணம் செய்தார். பல நாட்டு இளைஞரோடு பழகியபோது, நேர்மையுள்ள மாந்தர் தத்தம் நம்பிக்கைகளில் வேறுபட்டிருக்க முடியும் என்பது அவருக்குப் புலனாயிற்று. 1924-இல் பட்டம் பெற்று, இளமை முதல் அறிந்திருந்த ஹெலன் எலியட்டை மணந்தார். நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் ஈராண்டு பயின்றபின், ஒரு குறிப்பிட்ட கொள்கையை ஏற்றே தீரவேண்டிய தொழிலில் தம்மால் நிலைக்க இயலாது என்றுணர்ந்தார். எதிரில் இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் உளவியல் பயின்று, 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ராச்செஸ்டர் தந்த படிப்பினை

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றினார். நீதிமன்றங்களும் நலச் சங்கங்களும் அனுப்பிய சிறார்களே அவரிடம் வந்தனர். குற்றம் புரிந்த சிறாரும் கைவிடப்பட்ட சிறாரும் அவர்களுள் இருந்தனர். நூல்களில் கற்ற கொள்கைகளைக் கொண்டு அவர்தம் நடத்தைக்குக் காரணம் கண்டு கூறுவதே தம் கடமை என அவர் தொடக்கத்தில் கருதினார்.

அக்கருத்தை மாற்றிய நிகழ்ச்சியொன்றை அவரே பின்னாளில் எழுதியுள்ளார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாயோடு பல அமர்வுகள் பேசினார். சிறு வயதில் மகனை அவர் வெறுத்து ஒதுக்கியதே சிக்கலின் வேர் என்பது ரோஜர்ஸின் முடிவு. அதனை எத்துணை மென்மையாக எடுத்துரைத்தும் அத்தாய்க்குப் புரியவைக்க இயலவில்லை. இம்முயற்சி பயன் தரவில்லை, நிறுத்திவிடலாம் என இருவரும் உடன்பட்டனர். விடைபெற்று வாயில்வரை சென்ற அத்தாய் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவதுண்டா என வினவினார். ஆம் என்றதும் மீண்டும் வந்தமர்ந்து, தம் மணவாழ்வின் துயரையும், கணவரோடு ஏற்பட்ட பிணக்கையும், தம் தோல்வி உணர்வையும் கொட்டித் தீர்த்தார். அதுவரை அவர் ஒப்புக்குக் கூறிய வரலாற்றுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அன்று முதலே உண்மைச் சிகிச்சை தொடங்கிற்று. தாயின் நிலை சீராகச் சீராக மகனின் நிலையும் சீரடைந்தது. எங்கே நோகிறது என்பதை நோவுடையவரே அறிவார், அவர் போக்கிலேயே செல்லவிடுதல் நன்று என்னும் தெளிவை ரோஜர்ஸ் பெற்றார்.

தமிழில் இத்துறையை ஆற்றுப்படுத்துதல் என வழங்குகிறோம். சங்க இலக்கிய ஆற்றுப்படையில், பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்ப்படும் பாணனுக்கு வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியை எடுத்துரைப்பான். ரோஜர்ஸின் முறையில் வழிகூறல் இல்லை. நாடி வந்தவர் தம் வழியைத் தாமே காணும்வரை உடன் நடப்பவரே அவர் கருதிய ஆற்றுப்படுத்துநர். இதனாலேயே தம்மிடம் வருவோரை அவர் நோயாளி என்று அழைக்கவில்லை. உதவி நாடி வருபவர் என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டார்.

மூடிய அறை திறந்தது

1940-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நாளில் சிகிச்சை அறையில் நிகழ்வன வெளியுலகுக்குத் தெரியா. சிகிச்சையாளர் பின்னர் நினைவிலிருந்து எழுதும் குறிப்பே சான்றாக நின்றது. ரோஜர்ஸும் அவர் மாணவரும் உரியவரின் இசைவோடு உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தனர். ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே பதிவாகும் தட்டுகள் அவை. 1942-இல் வெளிவந்த ஆற்றுப்படுத்துதலும் உளச்சிகிச்சையும் என்னும் பொருளுடைய நூலில், ஒருவரோடு நிகழ்ந்த எட்டு அமர்வுகளின் உரையாடல், பெயர் மறைத்துச் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டது. முழுச் சிகிச்சையொன்று இவ்வாறு வெளியிடப்பட்டது அதுவே முதன்முறை. தம் சொற்களில் உள்ள குறைகளைப் பிறர் காணட்டும், மாணவர் அவற்றிலிருந்து கற்கட்டும் என அவர் இதற்கு இசைந்தமை எண்ணிப் போற்றத்தக்கது.

1945-இல் சிகாகோ பல்கலைக்கழகம் சென்று ஆற்றுப்படுத்தும் மையத்தை நிறுவினார். சிகிச்சைக்கு வந்தோருள் ஒரு பகுதியினரை அறுபது நாள் காத்திருக்கச் செய்து, அக்காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும் சிகிச்சைக்குப்பின் நிகழ்ந்த மாற்றத்தையும் அவர் குழுவினர் ஒப்பிட்டனர். சிகிச்சை நாடாதோரையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டனர். தாம் இருக்கும் நிலைக்கும் தாம் விரும்பும் நிலைக்கும் இடையே ஒருவர் உணரும் இடைவெளி, சிகிச்சைக்குப்பின் குறைவதை 1954-இல் வெளியான ஆய்வு நூல் காட்டிற்று. 1957-இல் எழுதிய கட்டுரையில், மனமாற்றத்துக்கு இன்றியமையாத பண்புகளாகச் சிகிச்சையாளரிடம் மூன்றனை வேண்டினார்: பிறர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, போலியற்ற உண்மை. 1956-இல் அமெரிக்க உளவியற் கழகத்தின் அறிவியற் பங்களிப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

சோதனைகளும் தோல்வியும்

புகழின் உச்சியிலும் இடர் நேர்ந்தது. சிகாகோவில், கடும் மனநோயுற்ற ஒருவரைக் குணப்படுத்தியே தீரவேண்டும் என முயன்று, ரோஜர்ஸ் தம் உள்ள உரத்தையே இழக்கும் நிலையை எய்தினார். மனைவியோடு ஊரை விட்டு நீங்கி இரண்டு மூன்று திங்கள் ஓய்வு கொண்டார். திரும்பியபின் தம்மோடு பணியாற்றிய ஒருவரிடமே சிகிச்சை பெற்றார். பிறர் உள்ளத்தைத் தேற்றுவோர்க்கும் தேற்றரவு வேண்டும் என்பதை மறைக்காமல் பதிவு செய்த நேர்மை அவருடையது.

1957-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் சென்று, மெண்டோட்டா அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளரிடையே தம் முறையைச் சோதித்தார். உடனுழைத்தோரிடையே பூசல் விளைந்தது; தரவுகள் காணாமற் போயின. 1967-இல் வெளியான முடிவும் அவர் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. சிகிச்சை பெற்றோர் அனைவரையும் ஒருசேர நோக்க, பெறாதோரினும் அவர்கள் பெரிதும் நலமுற்றனர் எனக் கூற இயலவில்லை. ஆயினும் ஒத்துணர்வு மிக்க சிகிச்சையாளரிடம் பயின்றோர் நன்மையடைந்தனர். அப்பண்பு குன்றியோரிடம் பயின்றோர் அவ்வாறு அடையவில்லை. தமக்குச் சாதகமற்ற முடிவையும் அவர் வெளியிட்டார். தம் நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்திய அறிஞர்க்கு இதுவே அழகு.

கற்பித்தலும் அமைதிப் பணியும்

மாணவரை நம்பாத தேர்வு முறையும், நுழைந்தோருள் மிகச் சிலரே பட்டம் பெற்று வெளிவரும் நிலையும் அவரை வருத்தின. 1963-இல் விஸ்கான்சின் உளவியல் துறையிலிருந்து விலகிக் கலிபோர்னியாவின் லா ஹோயா நகரில் குடியேறினார். 1969-இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், ஆசிரியர் கற்றலுக்குத் துணைநிற்பவர் என்னும் கருத்தை விரித்துரைத்தார். 1972-இல், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துப் புராட்டஸ்டண்ட் பிரிவினரையும் கத்தோலிக்கப் பிரிவினரையும் ஒருங்கே அமர்த்திப் பேசவைத்தார்; அது திரைப்படமாகவும் பதிவாயிற்று. எண்பது வயதில், 1982-இல், நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவுக்கும், 1986-இல் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்று இப்பணியைத் தொடர்ந்தார். 1987 பிப்ரவரி 4-ஆம் நாள், இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சையை அடுத்து ஏற்பட்ட மாரடைப்பால் மறைந்தார்.

மதிப்பீடு

ரோஜர்ஸின் கருத்துகள் அனைத்தும் மறுப்பின்றி ஏற்கப்பட்டன அல்ல. சூழலே மனிதனை உருவாக்குகிறது என்ற ஸ்கின்னர் அவரோடு வாதிட்டார். உதவுவோரும் உதவி பெறுவோரும் முற்றிலும் சமநிலையில் நிற்க முடியுமா என மெய்யியலார் மார்ட்டின் பூபர் 1957-இல் நேருக்கு நேர் வினவினார். மனிதன் தன்னியல்பில் நல்லவன் என்பதை நம் சமயமும் ஏற்கிறது. ஆயினும் அவனுக்கு இறைவழிகாட்டல் தேவை என்றும் அது வலியுறுத்துகிறது. ஆகவே ஒருவரை ஏற்பது அவர் பிழையையும் ஏற்பதாகாதோ என நம் பெரியோர் வினவக்கூடும். ரோஜர்ஸ் வேண்டியது ஆளை மதித்தலேயன்றி அவர் செயலுக்கெல்லாம் இசைதல் அன்று. மதிக்கப்பட்டவரே தம் பிழையைத் தாமே காணும் துணிவு பெறுகிறார் என்பது அவர் கண்ட உண்மை.

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவர் பக்கமேனும் திரும்பினால், முகத்தை மட்டும் திருப்பாது முழு உடலோடும் திரும்புவார்கள் எனச் சரித நூல்கள் கூறும். அவ்வழி வந்த நம்மிடையே, மனச்சோர்வுற்ற மாணவன் வாய் திறக்குமுன்னரே அறிவுரை வந்து விழுகிறது. வீட்டில் அழும் பெண்ணுக்குப் பொறுமை போதிக்கப்படுகிறது. ஏன் அழுகிறாய் எனக் கேட்போர் அரியர். கேட்டால், பதிலை முழுதும் கேட்குமளவு பொறுப்போர் அவரினும் அரியர். உளச்சிகிச்சை தேர்ந்தோர்க்குரிய தொழில். கடுநோய்க்கு மருத்துவரை நாடுதலே முறை. ஆனால் மதிப்போடு செவிகொடுத்தல் ஆசிரியர், பெற்றோர், ஜமாஅத்துப் பெரியோர் அனைவர்க்கும் இயலும். அத்தாய் வாயிலில் திரும்பி வினவியபோது, நேரமாயிற்று என ரோஜர்ஸ் அனுப்பியிருக்கக்கூடும், அமரச் சொன்னார். நம் வாயிலிலும் அவ்வாறு தயங்கி நிற்போர் உளர். அவர்களை அமரச் சொல்லி, அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்போமாக.