வடமலாபுரத்துக் கண் டாக்டர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டார். வ.உ.சி., பாரதி, கட்டபொம்மன் பற்றி ஒவ்வொரு வருஷமும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு கண் டாக்டரைப் பற்றி. டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவர். நம் கல்லூரியில் நான் விசாரித்த எல்லோரும் அவரை மதுரைக்காரர் என்றுதான் சொன்னார்கள். பிறந்தது எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரம். நம்ம மாவட்டத்துக் கரிசல் பூமி.

1918 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான். விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் காகிதமோ பென்சிலோ கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த மணல் என்ன என்று தெரியும்.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவ நேரத்தில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. பிரசவ டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் வந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் வாழ்க்கை திசை மாறியது. கடுமையான மூட்டுவாதம் வந்தது. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்து, எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கையால் இனிமேல் பிரசவம் பார்க்க முடியாது. வேறு யாராவது என்றால் ஒரு ஆபீஸ் வேலையைத் தேடியிருப்பார்கள். இவர் மறுபடியும் படிக்கப் போய்க் கண் மருத்துவத்தை எடுத்தார். பிரசவம் பார்க்க முடியாத கை, அதைவிட நுணுக்கமான கண்ணை அறுக்கப் போகிறது! தன் விரலுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை அவரே வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங் செய்து கை காய்த்துப்போகும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவரானார். கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். 1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1976-ல் 58 வயதில் ரிட்டையர் ஆனதும், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். குடும்பமே கூட நின்றது, நகை நட்டெல்லாம் அடகுக்குப் போனது. பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுவதை வைத்து, இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பது என்பது திட்டம். டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு டேபிள் இருக்கும். ஒன்றில் ஆபரேஷன் முடிவதற்குள் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். நம் புரொடக்‌ஷன் பாடத்தில் வரும் அசெம்ப்ளி லைன்தான் இது. 1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் இதைப் பாடமாகவே எழுதினார்கள்.

இதெல்லாம் பல பத்திரிகைகளில் வந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் ஜனங்கள் வரவில்லை! ஏன் வரவில்லை என்று அவரும் உடன் இருந்தவர்களும் விசாரித்து 1981-ல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, துணைக்கு வர ஆளில்லை, ஒரு நாள் கூலி போய்விடும், வயசானவளுக்குக் கண் எதற்கு என்ற எண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே பயம். அதனால் வண்டி ஏற்பாடு செய்தார்கள், சாப்பாடு போட்டார்கள். ஆனால் பயத்துக்கு வண்டி விட முடியாதே. உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். அதற்கென்றே கவுன்சலர்களை வைத்தார்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் விவசாய வீட்டுப் பிள்ளைகள். கண் பவர் பார்ப்பது, நோயாளியைத் தயார் செய்வது, என்ன நடக்கப்போகிறது என்று அவர்கள் பாஷையிலேயே விளக்குவது எல்லாம் இந்தப் பெண்கள்தான். டாக்டர் சொல்லிக் கேட்காத கிழவி, தன் பேத்தி மாதிரி ஒருத்தி சொன்னால் கேட்பாள்.

எங்க ஆச்சியும் அப்படித்தான். நாற்பது வருஷம் அளத்தில் உப்பு சுமந்தவள். அளத்தில் வெயில் மேலேயிருந்து பாதி அடிக்கும், கீழே உப்பிலிருந்து திருப்பி மீதி அடிக்கும். இரண்டு கண்ணிலும் புரை. முகாமுக்கு வா என்றால் வரமாட்டாள். கண்ணைத் தோண்டி வெளியே வைத்துக் கழுவி மாட்டுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் கலங்கிப்போவதுதான் புரை, சிம்னி விளக்குக் கண்ணாடி புகை பிடித்துப்போனால் மாற்றுகிற மாதிரிதான் என்று ஒரு வாரம் சொன்னேன். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பிறகு சொட்டு மருந்து. பாட்டிலில் எழுதியிருப்பதை வீட்டில் நான் மட்டும்தான் வாசிக்க முடியும், நானோ காலையில் காலேஜுக்கு வந்துவிடுவேன். நான்கு வேளை மருந்துக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு, இரண்டு வேளைக்குப் பச்சை என்று சுற்றி வைத்தேன். ஆச்சி பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

டாக்டர் வெங்கடசாமி தொழிலுக்கு வந்த காலத்தில் புரையை எடுத்தால் எடுத்ததோடு சரி. சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடியும் குருடு. கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைப்பதை 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கிவைத்தார். போர் விமானத்தின் பிளாஸ்டிக் துண்டு விமானிகளின் கண்ணில் தைத்தும் உறுத்தாமல் இருந்ததைப் பார்த்து வந்த யோசனை அது. ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. ஏழைக்கு எப்படி வைப்பது? 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொழிற்சாலை ஆரம்பமாகி, பத்து டாலர் அளவுக்கு லென்ஸ் வந்தது. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும், அந்த லென்ஸ் லேத்தில் கடைந்து எடுப்பது!

கண்ணின் மேலே வைக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் ஒரு ஒர்க்‌ஷாப் கதை உண்டு. மெதுவான லென்ஸை 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் செக் நாட்டு ஓட்டோ விக்டர்லே தன் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தார். பிள்ளைகள் விளையாடும் கட்டுமான செட்டும் சைக்கிள் டைனமோவும்தான் மெஷின். உள்ளே வைக்கும் லென்ஸை டாக்டர் வைத்துவிடுவார். மேலே வைக்கிற லென்ஸை நாமதான் பார்த்துக்கணும். நம் ஹாஸ்டலில் நாலைந்து பேர் போடுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொடணும். குழாய்த் தண்ணீர், எச்சில் இரண்டும் ஆகவே ஆகாது. தண்ணீரில் அகாந்தமீபா என்ற கிருமி இருக்கும். அது கருவிழியில் ஏறினால் மாதக் கணக்கில் வைத்தியம், பார்வையே போனாலும் போகும். டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மேலேயே புதுசை ஊற்றக் கூடாது, கொட்டிவிட்டுத்தான் ஊற்றணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்றணும். போட்டுக்கொண்டே தூங்குவது, கடலில் குளிப்பது கூடாது. வெல்டிங், கிரைண்டிங் வேலையில் லென்ஸ் பாதுகாப்பு ஆகாது, காகிள்ஸும் ஷீல்டும் வேண்டும்.

கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போகணும். மெடிக்கலில் சும்மா சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து, பூஞ்சைக் கிருமியால் வந்த புண்ணை இன்னும் மோசமாக்கும். நெல் உமியோ செடி இலையோ கண்ணில் பட்டு வரும் கருவிழிப் புண்ணில் இந்தப் பூஞ்சை அதிகம். கிராமத்தில் அதற்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். உங்கள் வீட்டிலும் ஊற்றுவார்கள் என்றால், சொல்லித் தடுக்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

டாக்டர் வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பத்தில் பலர் அதே ஆஸ்பத்திரியில் கண் டாக்டர்கள் ஆனார்கள். 2006 ஜூலை 7-ஆம் தேதி மதுரையில் காலமானார், வயது 87. நான் அப்போது பிறக்கவே இல்லை. திருநெல்வேலிக் கிளை 1988-லேயே வந்துவிட்டது. நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். ஆச்சியின் இன்னொரு கண்ணுக்கு, பரீட்சை முடிந்ததும் நான்தான் துணைக்குப் போகிறேன்.