நரியை உள்ளவாறு கண்ட சித்திரகாரர்

நரியென்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம் நினைவிற்கு வருவது தந்திரம். காக்கையை ஏமாற்றி வடையைக் கவர்ந்ததும், எட்டாத பழத்தைப் புளிக்குமென்று இகழ்ந்ததும் நாம் இளமையிற் கேட்ட கதைகள். அக்கதைகளில் வரும் நரி, மனித குணம் போர்த்துக்கொண்ட தோலேயன்றி உண்மை விலங்கு அன்று. அந்தத் தோலை விலக்கி, காட்டில் வாழும் நரியை உள்ளவாறு தீட்டிக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் சுவீடன் நாட்டுச் சித்திரகாரர் புரூனோ லில்யெபோர்ஸ்.

இவர் 1860-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் உப்சாலா என்னும் பழம்பெரும் பல்கலைக்கழக நகரிற் பிறந்தார். தந்தையார் வெடிமருந்து வணிகர். பிள்ளைப் பருவத்தில் உடல்நலம் குன்றியிருந்த புரூனோவுக்குச் சித்திரமெழுதுதலே உற்ற துணையாயிற்று. பின்னர் வேட்டையிற் பழகிக் காடும் மேடும் அலைந்து உடல் உரம் பெற்றார். துப்பாக்கியும் தூரிகையும் அவர் வாழ்நாள் முழுதும் உடன்வந்த இரு தோழர்கள்.

1879-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்துக் கலைக்கழகத்திற் சேர்ந்து மூன்றாண்டு பயின்றார். 1882-இல் ஜெர்மனியிலுள்ள டூசல்டார்ப் நகருக்குச் சென்று விலங்குகளைத் தீட்டும் முறையைக் கற்றார். இத்தாலியையும் பாரிசையும் கண்டு தாய்நாடு திரும்பினார். எனினும், அவருடைய மெய்யான கல்விச்சாலை உப்சாலாவைச் சூழ்ந்த வயல்களும் வனங்களுமே.

அந்நாட்டு நரி செந்நிற மயிரும் அடர்ந்த வாலும் உடையது. அதன் செவியும் மூக்கும் மிகக் கூரியன. அதைக் காண விரும்புவோன் காற்று எத்திசையினின்று வீசுகிறதென்று அறிந்து, தன் வாடை அதற்கு எட்டாத இடத்தில் அசைவின்றி அமர்ந்திருத்தல் வேண்டும். வேனிற்காலத்தில் வளையினின்று வெளிப்படும் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். தாய் கொணரும் இரைக்காகப் போரிடும். பொறுமையில்லாதவனுக்கு இக்காட்சி கிட்டாது. கொல்வதற்கென்று வேடன் கற்ற பொறுமை, லில்யெபோர்ஸிடம் காண்பதற்குரிய பொறுமையாக மாறிற்று.

அதன் பயனே 1886-ஆம் ஆண்டு, தமது இருபத்தாறாம் வயதில், அவர் தீட்டிய நரிக் குடும்பம் என்னும் பெரிய சித்திரம். பசுமைக்கிடையே தாயும் குட்டிகளும், கொன்று கொணர்ந்த பறவையைச் சூழ்ந்து நிற்கின்றன. அங்கே தந்திரமும் இல்லை, தண்டனையும் இல்லை. தாயன்பும் கொலையும் ஒரே புல்வெளியில் அருகருகே இருக்கின்றன. நரியைப் பழிக்கவும் செய்யாமல், அதற்காக இரங்கவும் செய்யாமல், இதுவே அதன் வாழ்வு என்று சித்திரகாரர் காட்டி அமைகின்றார். இப்படம் ஸ்டாக்ஹோம் தேசியக் காட்சிசாலையைச் சேர்ந்தது.

காட்டிற் கண்டது கணப்பொழுதில் மறையுமாதலால், நரி, முயல், கழுகு, ஆந்தை முதலியவற்றைத் தம் இல்லத்தருகே வளர்த்து, அவற்றின் அசைவுகளை ஆராய்ந்தார். வேட்டையில் வீழ்ந்த உயிர்களையும் மாதிரியாகக் கொண்டதுண்டு. ஆயினும் உடலை மட்டும் தீட்டி அவர் நிறைவடையவில்லை. உலர்ந்த புல்லோடு புல்லாய் மறையும் நரியையும், பனியோடு பனியாய் ஒடுங்கும் முயலையும் அவற்றிற்குரிய இடத்திலேயே வைத்துத் தீட்டினார். விலங்கையும் நிலத்தையும் பிரித்தெழுதினால் இரண்டும் பொய்யாகும் என்பது அவர் படங்கள் புகட்டும் பாடம்.

இத்தகைய உழைப்பு உடனே செல்வம் தரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் பொருள் முடையும் இல்லறக் கலக்கமும் அவரை வருத்தின. படங்களிலும் ஒருவகை இருள் படிந்தது. ஆயினும் தொழிலை அவர் கைவிட்டாரல்லர். 1893-இல் ஸ்டாக்ஹோமில் திறக்கப்பட்ட உயிரியற் காட்சிசாலையில், பாடம் செய்த விலங்குகளுக்குப் பின்னே விரியும் காடும் கடற்கரையும் இவர் தீட்டியவையே. கலைஞரின் கண் விஞ்ஞானத்திற்கும் பணிபுரிந்தமைக்கு அது சான்று. 1939-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! ஒரு பொருளைப் பற்றிப் பிறர் சொன்னதை ஒப்பித்தல் எளிது. அப்பொருளின்முன் வாய்மூடி நெடுநேரம் அமர்ந்திருத்தல் அரிது. ஆய்வுச்சாலையில் நுண்ணோக்கியின்முன் அமரினும், ஏரிக்கரையிற் கொக்கை நோக்கி நிற்பினும், அந்த அரிய செயலைச் சிறிது பழகிப் பாருங்கள்.