வலையைத் தெருவுக்குக் கொண்டுபோன அல்தியா கிப்சன்

நூற்றாண்டு காணும் எமது பாடசாலையின் மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதுமாறு சங்கத்தினர் கேட்டபோது, ரெனிஸ் வீராங்கனை அல்தியா கிப்சனை நாம் தெரிந்தெடுத்தோம். அவர் எமது ஊரவர் அல்லர். ஆனால் அவரை உருவாக்கியவர்களில் இருவர் வைத்தியர்கள். அதே தொழிலில் இருக்கும் எமக்கு அந்தக் கதை நெடுநாளாக மனத்தில் நிற்கிறது.

அல்தியா 1927 ஓகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சில்வர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்கள். பிழைப்புத் தேடி 1930 இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அல்தியாவுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பாடசாலைக்கு ஒளித்துத் திரிந்த பிள்ளை. அவர்கள் குடியிருந்த தெருவில் வாகனங்களை நிறுத்தி, பிள்ளைகள் விளையாட இடம் விட்டிருந்தார்கள். மரமட்டையால் ஆடும் சிறு ரெனிஸ் ஆட்டத்தை அங்கேதான் அவர் பழகினார். 12 வயதில் அந்த ஆட்டத்தில் நியூயோர்க் நகரப் பெண்கள் சம்பியனானார்.

இதைக் கண்ட விளையாட்டுப் பொறுப்பாளர் ஒருவர் அவருக்கு ரக்கெட் வாங்கிக் கொடுத்தார். அயலவர்கள் காசு சேர்த்து, கறுப்பினத்தவரின் கழகம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவருக்குக் கற்பித்த பிரெட் ஜோன்சன் ஒரு கையை இழந்தவர்.

1946 இல் கறுப்பினத்தவருக்கான தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அல்தியா தோற்றார். பார்த்திருந்த வைத்தியர்கள் இருவர் தோல்விக்குப் பின்னால் இருந்த திறமையைக் கண்டார்கள். ஒருவர் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரைச் சேர்ந்த ஹியூபர்ட் ஈட்டன். மற்றவர் வேர்ஜீனியாவின் லிஞ்ச்பேர்க் நகரைச் சேர்ந்த வோல்ட்டர் ஜோன்சன். வெள்ளையரின் திடல்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலம் அது. இருவரும் தத்தம் வீட்டு வளவிலேயே ரெனிஸ் திடல் அமைத்திருந்தனர். பாடசாலைக் காலத்தில் ஈட்டன் வீட்டிலும் கோடை விடுமுறையில் ஜோன்சன் வீட்டிலும் அல்தியா பிள்ளையாகவே வளர்ந்தார். இடைவிட்ட படிப்பை 1949 இல் முடித்துப் பல்கலைக்கழகமும் சென்றார். ஜோன்சனின் அதே வளவில் பின்னாளில் பயின்ற சிறுவர்களில் ஒருவர்தான் 1975 இல் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷ்.

1950 இல் அமெரிக்க தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அல்தியா. 1955 இன் இறுதியில் அமெரிக்க அரசு ஒழுங்கு செய்த நல்லெண்ணப் பயணத்தில் ஆசிய நாடுகளுக்கு வந்தார். இலங்கையும் அவற்றில் ஒன்று. துரைமாரின் கழகங்கள் வழியாக எமது நாட்டுக்கு வந்த ஆட்டத்தை, பருத்தித் தோட்டத்துப் பெண் ஒருவர் ஆடிக்காட்ட வந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் போட்டியில் வென்றார். 1957 இலும் 1958 இலும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் இரண்டும் அவருக்கே. 1957 ஜூலையில் எலிசபெத் மகாராணியின் கையால் விம்பிள்டன் கிண்ணத்தைப் பெற்றார். அதே ஆண்டு ஒக்டோபரில்தான் எமது துறைமுகத்துக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது.

அந்நாளில் ரெனிஸ் பட்டங்களுக்குப் பரிசுப் பணம் இல்லை. உலகச் சம்பியன் வாழ வழி தேடிப் பாடினார், கண்காட்சி ஆட்டங்கள் ஆடினார், கோல்ஃப் விளையாட்டிலும் இறங்கினார். 1972 இல், எடுத்துச் செல்லக்கூடிய வலைகளும் ரக்கெட்டுகளும் கொண்டு வறிய பகுதிகளுக்கே போய்ப் பிள்ளைகளுக்கு ரெனிஸ் கற்பிக்கும் திட்டமொன்றை நடத்தினார். தனக்குத் தெருவில் கிடைத்ததை மற்றத் தெருக்களுக்குக் கொண்டுபோனார். முதுமையில் நோயும் வறுமையும் வாட்டியபோது, முன்னாள் இரட்டையர் ஆட்டத் தோழி அஞ்ஜெலா பக்ஸ்டன் நிதி சேர்த்து உதவினார். 2003 செப்டம்பர் 28 இல் அல்தியா காலமானார்.

நாம் படித்த தொண்ணூறுகளை நினைத்துப் பார்க்கிறோம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கமிருந்து வந்த தோழியர் சிலர் எம்மை விட வேகமாக ஓடினார்கள். ஆனால் பாடசாலை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். இருட்டுமுன் சோதனைச் சாவடிகளைத் தாண்டவேண்டும். பின்னேரப் பயிற்சிக்கு நின்றவர்கள் ரவுணுக்குள் வீடிருந்த நாங்கள்தான். விளையாட்டுப் போட்டியில் கிண்ணங்களும் எமக்கே கிடைத்தன. அவர்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று அன்று நினைத்தோம். அந்த நினைப்பு இன்று உறுத்துகிறது. அவர்களிடம் இல்லாதது ஆர்வமல்ல, வீடு போய்ச்சேர ஒரு வழி.

இப்போது சாவடிகள் இல்லை. தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக ஒரு கல்வெட்டு வைப்பது எளிது. அதனுடன் ஒரு வலை, பத்து ரக்கெட்டுகள், வாரம் இரு நாள் குச்சவெளிக்கும் மூதூருக்கும் போய்வரும் ஒரு பயிற்றுநர், பயிற்சி முடிந்து பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட ஒரு வான் ஆகியவற்றுக்கும் நாம் பொறுப்பெடுப்போம். எல்லோரும் விம்பிள்டன் போகவேண்டியதில்லை. பின்னேரம் நின்று விளையாடிவிட்டுப் பயமின்றி வீடு சேர்ந்தாலே போதும்.