செங்கன்னூர் தந்த மதுரை வக்கீல்: ரோஜாப்பூ துரை ஜார்ஜ் ஜோசப்

உசிலம்பட்டி, கம்பம் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ரோஜாப்பூ என்ற பெயர் புதிதல்ல. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்ததுண்டு. அது வெறும் பூவின் பெயர் அன்று. கோட்டில் ரோஜாப்பூ குத்திக்கொண்டு கோர்ட்டுக்கு வந்த ஒரு மலையாள வக்கீலின் நினைவு. அவர்தான் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

பிழைப்புக்காக மலை தாண்டி மேற்கே வந்தவர்கள் நாம். அவரோ மலை தாண்டிக் கிழக்கே போய், மதுரைக்காரராகவே வாழ்ந்து மறைந்தவர்.

பழைய குடும்பம், புதிய எண்ணம்

1887-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த செங்கன்னூரில் ஒரு சுரியானி கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் ஜோசப். அக்காலத்தில் அப்படிப்பட்ட குடும்பங்களின் போக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஞாயிறு தவறாமல் பள்ளிக்குப் போக வேண்டும்; மூத்தவர் சொல்லை மீறக் கூடாது; பிள்ளைகளை இங்கிலீஷ் படிக்க வைக்க வேண்டும்; வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்க்கக் கூடாது. படித்த பிள்ளை பெரிய உத்தியோகத்தில் அமர்வதே குடும்பத்துக்குப் பெருமை. அரசியல் நமக்கு எதற்கு என்பதே பலருடைய எண்ணம்.

ஜோசப்பும் அந்த வழியில்தான் தொடங்கினார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். எடின்பரோவில் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்து பாரிஸ்டரானார். 1909-ல் ஊர் திரும்பி, முதலில் சென்னையிலும் பிறகு மதுரையிலும் தொழில் நடத்தினார். மதுரையில் வருமானமும் பெயரும் சேர்ந்தன. அந்த வழியிலேயே போயிருந்தால் அவரை இன்று யாரும் நினைக்கப் போவதில்லை.

ஜிப்ரால்டரிலிருந்து திரும்பிய கப்பல்

அன்னிபெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் அவரை இழுத்தது. இந்தியாவின் சுயாட்சிக் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துச் சொல்ல 1918-ல் புறப்பட்ட தூதுக் குழுவில் அவரும் ஒருவர். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது சர்க்கார் அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது.

1919 மார்ச்சில் காந்தியடிகள் மதுரைக்கு வந்தபோது ஜோசப்பின் வீட்டில்தான் தங்கினார். ரவுலட் சட்டத்தை எதிர்த்து மதுரையில் நடந்த சத்தியாக்கிரகத்துக்கு ஜோசப்பே தலைவர். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டார். அலகாபாத் சென்று, மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரில் கைதாகிச் சிறை சென்றார். விடுதலையானபின், காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்த காலத்தில் 1923-ல் யங் இந்தியாவின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

சட்டம் படித்ததன் பயன்

மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்திருந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். குற்றம் செய்யாதவனும் ரேகை வைக்க வேண்டும்; இரவில் போலீசாரிடம் ஆஜராக வேண்டும்; வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். தாய் வயிற்றிலிருந்து விழுந்ததே குற்றம் என்ற நிலை. 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள்.

இவர்களுக்காக வாதாட முன்வந்தவர் ஜோசப். கோர்ட்டிலும் பத்திரிகைகளிலும் அவர்கள் பக்கம் நின்றார். அந்த மக்கள் அவரை ரோஜாப்பூ துரை என்று அழைத்ததில் ஓர் அதிசயம் உண்டு. துரை என்றால் அவர்களுக்கு அதுவரை அடிக்கும் கை. தங்களுக்காகப் பேசிய ஒரு துரையை அப்போதுதான் கண்டார்கள். மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்க ஆரம்ப காலத்திலேயே பாடுபட்டவர்களிலும் அவர் ஒருவர்.

வைக்கத்தில் ஒரு கேள்வி

எர்ணாகுளத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது வைக்கம். அங்கே மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவர், புலையர் முதலியோர் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. கிறிஸ்தவர், முஸ்லிம்கள் நடக்கலாம். அதாவது, அந்த வீதியில் ஜோசப் நடந்து போனால் கேட்பாரில்லை. ஆனாலும் 1924 மார்ச் 30-ந் தேதி சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அவர் வந்து சேர்ந்தார். டி.கே.மாதவனும் கே.பி.கேசவ மேனனும் கைதானதும் தலைமையை ஏற்றார்.

ஏப்ரல் 6-ந் தேதி காந்தியடிகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம். அதற்கு இந்துக்களே பரிகாரம் தேட வேண்டும். கிறிஸ்தவரான நீங்கள் ஒதுங்கியிருப்பதே நல்லது என்பது அதன் சாரம். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போட வந்த அகாலி சீக்கியரின் உணவுக் கூடத்தையும் அவர் விரும்பவில்லை.

சில நாட்களில் ஜோசப் கைதானார். ஈரோட்டிலிருந்து ஈ.வெ.ராமசாமிப் பெரியார் வைக்கம் வந்ததும் அந்த ஏப்ரல் மாதத்தில்தான். ஜோசப் உள்ளிட்ட தலைவர்கள் அழைத்ததன் பேரில் அவர் வந்தார்.

பொது வீதியில் நடப்பது கோயில் விவகாரமா, குடிமகனின் உரிமையா? கோயில் விவகாரம் என்றால் காந்தியடிகள் சொன்னது சரி. குடிமகனின் உரிமை என்றால் அதற்காகப் போராட எந்த மதத்தானுக்கும் இடம் உண்டு. ஜோசப் சிறைக்குப் போனது இரண்டாவது எண்ணத்தோடுதான். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற புலையரைத் தனியே நிறுத்திய கிறிஸ்தவ சபைகள் கேரளத்தில் உண்டு. ஆகவே வைக்கத்தில் எழுந்த கேள்வி கோயிலோடு நிற்கவில்லை. அவரவர் சொந்த வீட்டு வாசலிலும் வந்து நின்றது.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலின் மூன்று பக்க வீதிகள் எல்லாருக்கும் திறந்தன. திருவிதாங்கூரில் கோயில்களே திறந்தது 1936 நவம்பர் 12-ல். அதைக் காண ஜோசப் இருந்தார். கொச்சி சமஸ்தானத்தில் அந்த உரிமை வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மாறியதும் மாறாததும்

காந்தியடிகளோடு அவருக்குக் கருத்து வேற்றுமை வளர்ந்தது. மதுரைக்குத் திரும்பி மறுபடியும் வக்கீல் தொழிலை நடத்தினார். ஆனால் பொதுவாழ்வை விடவில்லை. சைமன் கமிஷனை எதிர்த்து மதுரையில் நடந்த கிளர்ச்சியில் முன்னின்றார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரைச் சிக்கவைத்தபோது, வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து வாதாடி அவரை மீட்டார். அந்த வழக்கு வேறு விதமாக முடிந்திருந்தால் தமிழ்நாட்டின் சரித்திரமே வேறு.

1937-ல் காங்கிரஸ் சார்பில் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியில் அதிக நாள் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. சிறுநீரக நோயால் 1938 மார்ச் 5-ந் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பதுதான். அவர் எதிர்த்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது.

அவருடைய தம்பி போத்தன் ஜோசப் பெரிய பத்திரிகையாளர். முஸ்லிம் லீகின் டான் பத்திரிகைக்கும், பெங்களூர் டெக்கான் ஹெரால்டுக்கும் ஆசிரியராக இருந்தவர். ஒரே வீட்டில் பிறந்த இருவர் எவ்வளவு வெவ்வேறு வழியில் போனார்கள் பாருங்கள்!

இந்த மாற்றம் ஒரு வீட்டில் மட்டும் நடந்ததல்ல. தஞ்சையில் கார்னீலியஸ் குடும்பத்தில் பிறந்த ஜே.சி.குமரப்பா, சீமைக் கணக்காயர் படிப்பை ஓரங்கட்டிவிட்டுக் கிராமத் தொழிலுக்கு வந்தார். மாராமணைச் சேர்ந்த டைட்டஸ் 1930-ல் காந்தியடிகளோடு தண்டிக்கு நடந்தார். இவர்கள் யாரும் ஏசுவை விட்டு விலகவில்லை. ஏசுவையும் வெள்ளைக்கார ஆட்சியையும் ஒன்றாக நினைத்த பழக்கத்தைத்தான் விட்டார்கள்.

இன்றும் ஒரு குடும்பத்தில் பிள்ளை அப்பாவின் கட்சிக்கு ஓட்டுப் போடாவிட்டால், பாட்டி போன வழியில் கும்பிடாவிட்டால், வீடு இரண்டாகிறது. ஜோசப்பின் வாழ்க்கையைப் படித்தால் ஒன்று விளங்கும். குடும்ப வழக்கத்தை மீறிய பிள்ளை எல்லாம் கெட்டுப்போன பிள்ளை அல்ல. எதற்காக மீறினான், யாருக்காக மீறினான் என்று கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மதுரை யானைக்கல்லில் ஜார்ஜ் ஜோசப்பின் சிலை இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் அந்த வழியாகப் போனால் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். கேரளத்தான், தமிழன் என்று பேச்சு தடிக்கும்போதெல்லாம் இந்த மலையாளியின் பெயரை இரு பக்கத்தாரும் நினைத்துக்கொள்வது நல்லது.