பஸ் படிகளை எண்ணிய மருத்துவர் ஜெரி மொறிஸ்

இலண்டன் நகரின் சிவப்பு நிற இரட்டைத்தட்டுப் பஸ்களில் ஒரு காலத்தில் இருவர் கடமையாற்றினர். சாரதி தமது வேலைநேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஆசனத்தில் அமர்ந்தே கழித்தார். நடத்துனரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளை ஏறினார். ஒரே நிறுவனம், ஒரே வீதி, ஏறத்தாழ ஒரே வாழ்க்கைத் தரம். இவ்விருவருள் எவரை மாரடைப்பு அதிகம் தாக்குகின்றது என்று கேட்டவர் ஜெரி மொறிஸ்.

அவர் அகதிகளின் பிள்ளை. போலந்துப் பகுதியில் யூதருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல்களிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்கு 1910ஆம் ஆண்டு லிவர்பூலில் பிறந்தார். மொறிஸ் என்னும் குடும்பப் பெயர்கூட அவர்களை ஏற்றிவந்த கப்பலின் தலைவருடையது என்பர். வளர்ந்தது கிளாஸ்கோவின் வறுமையில். நான்கு மைல் தூரத்தை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்தால் தந்தையார் ஐஸ்கிறீம் வாங்கித் தருவாராம். மருத்துவம் கற்று, இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவ அணியில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றித் திரும்பிய அவர், 1948இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சமூக மருத்துவப் பிரிவுக்குத் தலைவரானார்.

அந்நாளில் மாரடைப்பு பிரித்தானியாவில் பெருகிவந்தது, காரணம் தெளிவாகவில்லை. இலண்டன் போக்குவரத்துச் சேவையின் 35 முதல் 64 வயது வரையான சுமார் 31,000 ஆண் ஊழியரின் நோய்ப் பதிவுகளை மொறிஸ் குழுவினர் ஆராய்ந்தனர். நடத்துனரிடம் இருதய நோய் குறைவாகவே காணப்பட்டது. வந்தபோதும் பிந்திய வயதில் வந்தது. திடீர் மரணமும் அவர்களிடையே அரிதாயிருந்தது.

விடை கையில் கிடைத்தும் அவர் அதனை உடனே அறிவிக்கவில்லை என்பதே நம்மை மிகவும் கவர்கின்றது. பஸ்ஸில் கண்டது தற்செயலாக இருக்கலாமே! ஆகவே தபாற்கந்தோர் ஊழியரையும் ஆராய்ந்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் விநியோகித்தவர்கள், மேசையில் அமர்ந்த எழுதுவினைஞரையும் தொலைபேசி இயக்குநரையும் விட நன்னிலையில் இருந்தனர். அதன் பின்னரே, 1953இல், முடிவுகள் 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்தன.

ஐயம் அத்துடன் தீர்ந்ததா? பருமனானவர்களே சாரதி வேலையைத் தேர்ந்துகொள்கின்றனர் போலும் என்ற வாதம் எழுந்தது. அது வலுவான வாதம். மொறிஸ் சீருடைப் பதிவேடுகளைப் புரட்டி, காற்சட்டைகளின் இடுப்பளவை ஒப்பிட்டார். சாரதிகளின் இடுப்பு உண்மையிலேயே பெருத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அப்படித்தான் இருந்தது. இதனை மறையாமல் 1956இல் வெளியிட்டார். ஆயினும் ஒரே இடுப்பளவுள்ளவர்களை ஒப்பிட்டபோதும் சாரதிகளிடமே மரணம் மிகுந்திருந்தது.

பின்னர் வேலைகள் நாற்காலிக்கு மாறின. உடலுழைப்பு தொழிலிலிருந்து விலகினால் ஓய்வுநேரத்தில் அதனைத் தேட இயலுமா என அவர் வினவினார். 1968 முதல் 1970 வரை ஏறத்தாழ 17,000 அரசாங்க உத்தியோகத்தர்கள், முந்திய வெள்ளி, சனிக்கிழமைகளில் தாம் செய்தவற்றைத் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தனர். தீவிரமான அப்பியாசம் செய்தோருக்கு இருதய நோய் அபாயம் ஏனையோரின் மூன்றிலொரு பங்களவே என 1973இல் தெரியவந்தது. பிந்திய ஆய்வில் விரைநடையும் பயன் தந்தது. ஆறுதலாகத் தோட்டத்தைச் சுற்றி வருதல் அத்தகைய பலனைத் தரவில்லை.

ஒருகாலத்தில் நாள்தோறும் விரிவுரை மண்டபத்தில் நின்று பேசிய நாம், இன்று நாற்காலியில் அமர்ந்தே இதனை எழுதுகின்றோம். பெற்றோல் நிலையக் காசு மேசையிலும் டாக்சியிலும் பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் நம்மவர் எத்தனை பேர்! பிரித்தானியாவில் வாழும் தெற்காசியரிடம் இருதய நோய் மரணம் ஏனையோரிலும் கூடுதலாக உள்ளமை பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

எனினும் சோம்பலைக் கைவிடுங்கள் என ஏழைக்கு உபதேசித்துவிட்டு ஒதுங்கியவரல்லர் மொறிஸ். நோயும் வறுமையும் சேர்ந்தே நடப்பதை எடுத்துக்காட்டிய, 1980இன் 'பிளாக் அறிக்கை'யை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். அரசாங்கம் அதனை விடுமுறைக் காலத்தில் 260 பிரதிகள் மட்டுமே வெளியிட்டு ஒதுக்கி வைத்தது. 1996இல் ஒலிம்பிக் குழுவின் விளையாட்டு விஞ்ஞானப் பரிசு, அமெரிக்கரான பாஃபன்பார்கருடன் சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. 2009 ஒக்டோபரில், 99ஆவது வயதில் காலமானார்.

தொண்ணூறு வயதில் அவர் சகாக்களுடன் செய்த ஒரு கணக்கு உண்டு. தனித்து வாழும் இளைஞன் ஒருவன் ஆரோக்கியமாய் இருக்க வாரமொன்றுக்கு எவ்வளவு வேண்டும்? உணவு, வாடகையோடு உடற்பயிற்சிச் செலவையும் நண்பரைச் சந்திக்கும் செலவையும் அதில் சேர்த்தார். 1999ஆம் ஆண்டு விலைப்படி ஏறத்தாழ 132 பவுண் என்று 2000இல் வெளியிட்டனர். அரச உதவிப்பணம் அதனைவிட வெகு குறைவு. அதே ஆண்டு ஏப்ரலில் பிரித்தானியா புகலிடம் கோருவோருக்குக் காசுக்குப் பதிலாக வவுச்சர் வழங்கத் தொடங்கியது. வாரத்தில் 10 பவுணை மட்டுமே காசாக மாற்ற முடிந்தது. அந்த முறை 2002 வரை நீடித்தது.