தபாலுக்கு வழி போட்டவர்

கடிதத்தின்ர அருமையை எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஊர்க் கடிதம் வந்திட்டுதோ என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த காலம் எனக்கும் இருந்தது. ஆகவே இம்மலரில், பிரான்ஸ் வொன் டாக்சிஸ் பற்றி எழுத விரும்பினேன்.

அவர் பிறப்பால் ஜேர்மன்காரர் அல்ல. 1459 இல் இத்தாலியின் பெர்காமோவுக்கு அண்மையிலுள்ள கோர்னெல்லோ என்னும் மலைக்கிராமத்தில் பிறந்தவர். மன்னர் முதலாம் மக்சிமிலியானுக்காக 1490 இல் இன்ஸ்புறூக்கிலிருந்து மெக்கெலன் வரை தபால்வழி தொடங்கியபோது, தன் குடும்பத்தவரோடு சேர்ந்து அதை நடத்தினார்.

முன்பெல்லாம் ஒரே தூதுவன்தான் முழுத்தூரமும் போவான். அவனும் களைப்பான், குதிரையும் களைக்கும். டாக்சிஸ் வழிநெடுக நிலையங்கள் வைத்தார். ஒருவன் கொண்டுவந்த பையை அடுத்தவன் வாங்கிக்கொண்டு புதுக் குதிரையில பறப்பான். 1505 உடன்படிக்கைப்படி பிறசல்ஸிலிருந்து இன்ஸ்புறூக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள்.

1517 இல் அவர் காலமானார். குடும்பத்தின் தபால்சேவை 1867 வரை நீடித்தது. 1967 இல் மேற்கு ஜேர்மனி அவருடைய 450 ஆவது நினைவாண்டுக்கு முத்திரை வெளியிட்டது. 1990 இல், ஐரோப்பியத் தபாலின் 500 ஆண்டு நிறைவுக்கு வந்த முத்திரையில் ஓவியர் டியூறர் கீறிய குதிரைத் தூதுவன் இருக்கிறான்.

பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவர் வந்த நாட்டுக்குத் தந்த சொத்து இது. கைமாறிக் கைமாறித்தான் பை ஊர் போய்ச் சேர்ந்தது. எங்கட மொழியும் அப்படித்தான். பிள்ளையளே, இந்தச் சித்திரைக்கு அம்மம்மாவுக்குத் தமிழில ரெண்டு வரி எழுதி, முத்திரை ஒட்டிப் போடுங்கோ.